மோட்டார் சைக்கிளுக்குக் குற்றாலக் குளியல்

எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். ஒரு மோட்டார் சைக்கிளை அருவித் தண்ணீரில் குளிப்பாட்டிய முதல் பெண்ணும் நானேதான். முதலாவதை நான் சொல்லுவேன். இரண்டாவதை நான் சொல்வதற்கு முன்னால் தென்காசியில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. (அண்ணன் போனான். மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டான்.) அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். இலத்தூர், செங்கோட்டை என்று தோப்புத் தோப்பாகச் சைக்கிளில் அலைந்துகொண்டிருந்த அண்ணன், ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஒருநாள் புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வண்டியோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்திருந்தார்கள். முழுக்க இங்கிலீஷ்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

புது என்ஜினின் உள்பாகங்கள் ஒன்றோடொன்று பழக வேண்டும். அதுவரை, அதாவது முதல் ஐநூறு மைலுக்கு, முப்பது மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்பது பக்கம் வாசித்துப் பொருள் சொன்னேன். அம்மா மூக்கில் விரல் வைத்தாள். அந்த மரியாதை குறைவதற்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்று ஒன்பதாம் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் சேர ஆசை. அப்பாவுக்கு எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆசை. புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்த அப்பா தீர்ப்புச் சொன்னார்:

"ஏட்டி, நீ படிச்ச படிப்பு எதுக்கு ஆவுதுன்னு பாத்துருவோம். ஐநூறு மைலும் உன் பொறுப்பு. வண்டி நல்லபடியா இருந்துச்சுன்னா பாளையங்கோட்டைக்கு அனுப்புதேன். இல்லேன்னா மாப்பிள்ளை பாக்கேன்."

அன்றிலிருந்து நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கையில் புத்தகம், கண் வேகமுள்ளின் மேல். முப்பது கூடாது என்றால் இருபது நல்லதுதானே. இருபது நல்லதென்றால் பதினைந்து இன்னும் நல்லது. டாப் கியரில் போட்டால் சத்தம் குறைந்தது. சத்தம் குறைந்தால் என்ஜின் சுகமாக இருக்கிறது என்று நானே கண்டுபிடித்து, எந்நேரமும் டாப் கியர் என்று சட்டம் போட்டேன். (இது புத்தகத்தில் இல்லை. என் சொந்தச் சரக்கு.)

செங்கோட்டை ரோட்டில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணாச்சி, பெட்ரோல் தீந்துட்டா? கயிறு கெட்டி இழுக்கட்டுமா?"

அண்ணன் பல்லைக் கடித்தான். "ஏட்டி, ஒரே ஒரு தடவை முறுக்கிக்கிடுதேன்."

"பாளையங்கோட்டை, அண்ணே" என்பேன். அவன் கை தளர்ந்துவிடும்.

நானூற்றுத் தொண்ணூறு மைல் இப்படியே ஓடியது. மிச்சம் பத்து. சீசன் நேரம், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தருவிக்குப் போய்விட்டு வந்து கணக்கை முடிப்போம் என்றான் அண்ணன். சரி என்றேன்.

ஐந்தருவி மேட்டில் வண்டி முக்கியது, முனகியது. அண்ணன் கியரைக் குறைக்கக் காலைக் கொண்டுபோனான். "டாப்" என்றேன். ஏறி முடித்தபோது என்ஜினிலிருந்து தோசைக்கல் காய்கிற வாசனை வந்தது. அருவிக்கரையில் நிறுத்தினோம். ஆறவிட வேண்டும் என்று படித்திருந்தேன். எப்படி என்று படிக்கவில்லை.

அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர், ஒரு பெரிய மனிதரின் முதுகில் வேலையாக இருந்தார். தலையைத் தூக்கி வண்டியைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, சூடா?"

"ஆமாண்ணே. ரொம்ப."

"பொறவு என்ன யோசனை? சூடு தணியத்தானே சனம் மெட்ராஸ்லேருந்து இங்கன வருது? எண்ணெய் உள்ள இருக்கா?"

"இருக்கு."

"அப்பம் தண்ணிதான் பாக்கி."

எனக்கு அது முழுக்க விஞ்ஞானமாகப் பட்டது. உடம்புச் சூட்டுக்கு ஐந்தருவியைவிட நல்ல மருந்து உண்டா? யாரிடமோ ஒரு வாளியை இரவல் வாங்கி அருவித் தண்ணீரை நிறைத்து வந்தேன்.

"வேண்டாம்ட்டி" என்றான் அண்ணன்.

"நீ மூணு நாள் படிச்சவன்" என்றேன். ஊற்றினேன்.

புஸ்ஸென்று ஆவி கிளம்பி எங்கள் இருவரையும் மறைத்தது. அதற்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றினால் கேட்குமே, அதே சத்தம்.

எண்ணெய்க்காரர் எட்டிப் பார்த்தார். "நல்லாக் குளுந்துட்டு" என்றார்.

குளிர்ந்ததுதான். அதற்குப் பிறகு சூடாகவே இல்லை. தேங்காய் ஏற்றுகிற மாட்டுவண்டியில் மோட்டார் சைக்கிளைப் படுக்கப்போட்டு, நாங்கள் பின்னால் நடந்து தென்காசி வந்தோம். எங்கள் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

மெக்கானிக் வீட்டுக்கே வந்து பார்த்தார். "சிலிண்டர்ல விரிசல் விட்டுட்டு அண்ணாச்சி. புதுசுதான் போடணும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "தண்ணி ஊத்துததைப் பத்திப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

நான் புத்தகத்தைத் திறந்தேன். பத்தாம் பக்கம். முதல் வரி: மேட்டில் டாப் கியரில் வண்டியைத் திணறவிடாதீர்கள். இரண்டாம் வரி: சூடான என்ஜின் மேல் எக்காரணம் கொண்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "ஒண்ணும் போடலைப்பா" என்று சொல்லியிருந்தால் மெக்கானிக்குக்கூடத் தெரிந்திருக்காது. பாளையங்கோட்டை தப்பித்திருக்கும். வாய்வரை வந்தது. ஆனால் தப்பாக வாசிக்கவா இத்தனை வருஷம் படித்தேன்? இரண்டு வரிகளையும் உரக்க வாசித்து, தமிழில் பொருளும் சொன்னேன்.

அப்பா புத்தகத்தை வாங்கி, ஒன்பதாம் பக்கத்துக்கு அப்புறம் மிச்சமிருந்த தாள்களை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"அப்பம் நீ பாதிதான் படிச்சிருக்கே" என்றார். "பாதிப் படிப்புக்கே ஒரு என்ஜின் போயிட்டு. இதோட உன்னைக் கெட்டிக் குடுத்தா மாப்பிள்ளை வீட்டுல எதெல்லாம் போகுமோ. போ, மிச்சத்தையும் படிச்சு முடி."

டிரெயினிங் முடித்து இப்போது நான் டீச்சர். பிள்ளைகளைக் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்க வைக்காமல் விடுவதில்லை. போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் எதுவரை படித்திருக்கிறாள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பதில் சொல்லிவிட்டான்:

"ஒன்பதாம் பக்கம் வரைக்கும்."