கயித்துப்புள்ளயின் சம்பளம்

ஊசிக்குப் பயப்படாத ஆண்பிள்ளை தூத்துக்குடியில் பிறக்கவில்லை. சுறாவோடு மல்லுக்கட்டுகிறவன்கூட, சட்டைக் கையை மடக்கச் சொன்னால் மாதாவைக் கூப்பிடுவான். எழுபதுகளில் இந்த வீராதிவீரர்களை எல்லாம் கட்டி மேய்த்தது பதினாறு வயசுப் பெண் ஒருத்தி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவோ, ஊருக்கு அவள் கயித்துப்புள்ள.

துறைமுகத்துப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் அங்கே சீட்டு எழுதுகிறவன். கம்பவுண்டர் வராத நாளில் கம்பவுண்டர். ஒருநாள் காலையில் நோயாளிகளின் பெஞ்சில் அவளும் உட்கார்ந்திருந்தாள். முறை வந்ததும் உள்ளே போனாள்.

"என்ன செய்யுது?" என்றார் டாக்டர்.

"வேல இல்லய்யா."

"அதுக்கு மருந்து கிடையாது."

"சம்பளம் இருக்குல்லா?"

டாக்டர் என்னை முறைத்தார், நான்தான் அவளைப் பெற்றவன் போல.

விஷயம் இதுதான். நர்ஸ் படிப்பில் சேர அவளுக்கு வயது போதவில்லை, ஒரு வருஷம் பொறுக்க வேண்டும். அப்பா இலங்கைக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல். "ஏளா, மீன் அறுக்கையிலயே மூஞ்சியத் திருப்புதவ நீ. ஆசுபத்திரில எவனாவது ஒனக்குச் சம்பளம் குடுத்து ஒரு வருசம் வச்சுக்கிடட்டும், அப்ப சேத்துவிடுதேன். இல்லன்னா கல்யாணம்" என்று சொல்லிவிட்டுத் தோணியேறிப் போய்விட்டார்.

டாக்டர் இளகிய மனசுக்காரர், காசு விஷயத்தில் மட்டும் இல்லை. "வேணும்னா சும்மா வந்து பழகிக்கோ" என்றார்.

"சும்மா வந்தா வேடிக்க பாக்க வந்தவ ஆயிருவேன். கொஞ்சமா குடுங்க, ஆனா குடுங்கய்யா" என்றாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் சீட்டு வாங்கி, வரிசையில் இருந்து, அதே நோயைச் சொன்னாள். காத்திருக்கும் நேரத்தில் பக்கத்து நோயாளியிடம் ஊர், வீடு, கொண்டான் கொடுத்தான் எல்லாம் விசாரித்து உறவுமுறை கண்டுபிடித்துவிடுவாள். பிறகு அந்த உரிமையில் அவர்களைத் திட்டுவாள்.

அப்படி அவள் காத்திருந்த ஒருநாள்தான், கடலில் சங்கு குளிக்கிற ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளங்காலைப் பாறை கிழித்திருந்தது, தையல் போட வேண்டும். பனைமரம் மாதிரி ஆள். ஊசியைக் கண்டதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எம் மச்சான் வரணும். வேற எவன் கையிலயும் உசுரக் குடுக்க மாட்டேன்!"

கடலில் அதுதான் வழக்கம். குளிக்க இறங்குகிறவரின் கயிற்றை மேலே தோணியில் மச்சான்தான், பெண்டாட்டியின் அண்ணன்தான் பிடிப்பார். தன் தங்கச்சி தாலி அவர் கையில் அல்லவா? கயிறு அசைந்த உடனே தூக்கிவிடுவார். அந்த மச்சானோ அன்றைக்குப் பார்த்துக் காயல்பட்டினத்தில் இருந்தார்.

பெஞ்சிலிருந்து எழுந்தாள் இவள். "ஒம்ம வீட்டுக்காரி ஆலந்தலைதான? எனக்கு அக்கா முறை. அக்கா தாலிக்கு நான் பொறுப்பு" என்றவள், கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துவந்து அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். "வலிச்சா இழும் அத்தான். நிறுத்தச் சொல்லுதேன்."

டாக்டர் ஊசியை எடுத்தார். கயிறு இழுபட்டது.

"நிறுத்துங்கய்யா!"

"இன்னும் தொடவே இல்லயே!"

"கயித்த இழுத்தாச்சுல்லா?"

ஊசியை எடுத்தால் யாருக்காகவும் நிறுத்தாத மனிதர் நிறுத்தினார். தையலுக்குத் தையல் இதே கூத்து. போகப்போக அத்தானுக்கு நம்பிக்கை வந்து, கயிறு அசையவே இல்லை. அவள் முகம்தான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஆனாலும் அந்த ரத்தத்தை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.

கடற்கரை முழுக்கச் செய்தி பரவியது. "கயித்துப்புள்ள இருக்காளா?" என்று வாசலிலேயே கேட்டார்கள். இல்லை என்றால் காயத்தோடு திரும்பிப் போனார்கள். அவளோ அந்த வாரம் பார்த்து வீட்டிலேயே இருந்துகொண்டாள், கெட்டிக்காரி. கடைசியில் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, சம்பளம் பேச என்னையே தூது அனுப்பினார்.

வருஷம் திரும்பியதும் தண்டல் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். "நெசமாவே வேலைக்குத்தான் சம்பளம் குடுத்தீயளா, இல்ல இவ அழுதான்னு குடுத்தீயளா?"

"அழுதது நாங்க" என்றார் டாக்டர். "இவ லீவு போட்டா நான் கடைய மூடணும்."

தண்டல் மகள் பக்கம் திரும்பினார். "ஏளா, பெட்டியக் கட்டு" என்றார். ஊரையே திட்டிக்கொண்டிருந்தவள் கிணற்றடிக்கு ஓடிப்போய் அழுதாள்.

அவள் போனபிறகு அந்த வேலையைக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். "ஆள் இருக்கு, படிக்கப் போயிருக்கு" என்று நானே சொல்லி அனுப்பிவிடுவேன். டாக்டர் காதிலும் அது விழும். அவர் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.