தப்பு சாருக்கு நான் கொடுத்த மெமோ

கோவில்பட்டி வட்டாரத்தில் தப்பாகக் கணக்குப் போடத் தெரிந்த ஒரே வாத்தியார் தப்பு சார்தான். மற்றபடி எங்களுக்கெல்லாம் தப்பு தானாக வரும். அவர் ஒருவர்தான் வீட்டிலேயே யோசித்துத் தயார் பண்ணிக்கொண்டு வருவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு 'பாட அறிவு போதாது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு அனுப்பியவன் நான். தெரியாமல் அல்ல, தெரிந்தே செய்தேன். அப்போது நான் அந்தத் தனியார் பள்ளியின் தலைமை ஆசிரியர்.

ஒரு பாடவேளைக்கு மூன்று தப்பு என்பது அவர் கணக்கு. பலகையில் ஒன்றைப் போட்டுவிட்டு, காதோரம் கையை வைத்துக்கொண்டு நிற்பார். யாராவது "சார், தப்பு!" என்று கத்தும்வரை அடுத்த வரிக்குப் போகமாட்டார்.

"ஒரு டஜன் தீப்பெட்டின்னா பதினொண்ணு" என்பார். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். "வெள்ளாடு ஒம்போது மாசத்துல குட்டி போடும்" என்று இன்னொரு கணக்கை ஆரம்பிப்பார். புதூர்ப் பக்கமிருந்து வருகிற, ஆடு வளர்க்கிற வீட்டுப் பெண் ஒருத்தி, "அது உங்க வீட்டு ஆடா இருக்கும் சார். எங்க ஆட்டுக்கு அஞ்சு மாசந்தான்" என்பாள். "ஏட்டி, கெட்டிக்காரி!" என்று சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார்.

விடையைத் தப்பாகச் சொன்ன பிள்ளையை அவர் திட்டியதே இல்லை. தப்பைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத்தான் தண்டனை. "பாத்துட்டுச் சும்மா இருந்தியால? நாளைக்கு நீ ஒரு தப்புத் தயார் பண்ணிட்டு வா. லேசுல சிக்கவும் கூடாது, சிக்காமலே போகவும் கூடாது. சரியா வர்ற வரைக்கும் தினமும் ஒண்ணு." அப்படி ஒரு தப்பைத் தயாரிக்க அந்தப் பிள்ளை பாடம் முழுவதையும் படித்தாக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் என் புத்தி டிஜிட்டல் ஆனது. எல்லாப் பாடத்தையும் வீடியோ எடுத்துப் பெற்றோர் போனுக்கே அனுப்பிவிடலாம் என்று தாளாளரிடம் சொன்னவன் நான்தான். கல்யாண வீடியோ எடுக்கிற அண்ணாச்சி ஒருவர் பச்சைத் திரையோடு வந்து இறங்கினார்.

தப்பு சார், முக்காலும் காலும் சேர்ந்தால் எட்டில் நான்கு என்று எழுதினார். காதோரம் கை போனது. அப்படியே நின்றார்.

"சார், கேமரா ஓடுது. பேசுங்க."

"பதில் வரட்டும் அண்ணாச்சி."

"யாருட்டயிருந்து? இங்கன நானும் எச்.எம். சாரும்தானே இருக்கோம்!"

"அப்ப நீங்க சொல்லுங்க. சரியா, தப்பா?"

"கணக்கு வந்தா நான் ஏன் சார் கல்யாண வீட்டுல கேமரா தூக்குதேன்?"

கடைசியில் தப்பு சார் கேமராவைப் பார்த்து, "பிள்ளைகளா, இதுல ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடிச்சு நாளைக்கு வகுப்புல சத்தம் போடுங்க" என்றார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். அவர் பேசாமல் நின்றதையும் இந்தப் பேச்சையும், நீளம் அதிகம் என்று அண்ணாச்சி வெட்டிவிட்டார். எட்டில் நான்கு மட்டும் மிஞ்சியது.

மறுநாள் வகுப்பில் சத்தமே இல்லை. அத்தனை பிள்ளைகளும் எட்டில் நான்கு என்று நோட்டில் அழகாக எழுதி, அடியில் கோடும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஆட்டுக்காரப் பெண்ணும்தான்.

"ஏட்டி, முக்காத் தோசையும் காத் தோசையும் சேந்தா அரைத் தோசையா?"

"தப்புன்னு தெரியும் சார். ஆனா வீடியோல வந்திருந்துச்சே!"

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நேரில் நின்ற மனிதனை ஈவிரக்கமில்லாமல் பிடித்த பிள்ளைகள், திரையில் வந்த அதே மனிதனைச் சாமி வாக்குபோல எழுதிக்கொண்டன. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. எதிர்த்துக் கேள்வி கேட்க முடியாத ஒரு வாத்தியாரை வீட்டுக்கு வீடு அனுப்பிவிட்டு, அதற்குக் 'கல்விப் புரட்சி' என்று பிளெக்ஸ் போர்டு வைத்தவன் நான்.

ஒரு தகப்பனார் அந்த எட்டில் நான்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'இவருக்கு யார் வாத்தியார் வேலை கொடுத்தது?' என்று பெற்றோர் குழுவில் ஏற்றினார். மத்தியானத்துக்குள் அது விளாத்திகுளம்வரை போய்விட்டது. தாளாளர் என்னைக் கூப்பிட்டார். "என்ன சார், அவருக்குக் கணக்குத் தெரியுமா, தெரியாதா?"

நடந்ததைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் சொன்னால், வீடியோ யோசனையே முட்டாள்தனம் என்று ஆகிவிடும். அது என் யோசனை. "கொஞ்சம் அரைகுறைதான்" என்றேன்.

தப்பு சார் மெமோவைப் படித்தார். காதோரம் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்து நின்றார். நான் ஒரு ஃபைலைப் புரட்டினேன். அதன்பிறகு எந்தப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

எனக்கு வாய் திறக்கத் தைரியம் வந்தது, ஓய்வுபெற்று வெகுநாள் கழித்துப் போன வருடம்தான். அதே பெற்றோர் குழுவில் நடந்ததையெல்லாம் குரல் பதிவாகப் பேசிப் போட்டேன். பத்தே நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். நான் மெமோ எழுதியதைவிட வேகம். பிறகு அதையே கைப்பட எழுதி எடுத்துக்கொண்டு கயத்தாறுக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே ஓர் இ-சேவை மையத்தில் மனுக்களை டைப் அடித்துக்கொண்டிருந்தார் தப்பு சார்.

"பேரு மாடசாமி, வயசு தொண்ணூறு. சரியா அண்ணாச்சி?"

"யோவ், எனக்கு அம்பத்தாறுதாம்யா! நல்லாப் பாரும்!"

"நீருதான் நல்லாப் பாக்கணும். அடுத்து அப்பா பேரு..." என்று அடுத்த தப்புக்குப் போனார். அங்கே போட்ட மனு ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லையாம்.

என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "எனக்கு இனிமே எந்தப் பள்ளிக்கூடம் சார்?" என்று அதை லேமினேட் செய்து என்னிடமே கொடுத்துவிட்டார். ஏதாவது பேச வேண்டுமே என்று கம்ப்யூட்டரைக் காட்டி, "உங்களைக் கெடுத்ததே இந்த மாதிரிப் பெட்டிதான். அதுகிட்டயே வந்து உக்காந்திருக்கியளே" என்றேன்.

"அது மேல எனக்கு என்ன கோவம்? ஒரு கட்டத்தை நிரப்பாம விட்டா அதுகூடச் சிவப்புல காட்டுது சார். நீங்கதான் வாயே தொறக்கல."

"என்ன தண்டனைன்னாலும் குடுங்க சார்."

"அதான் உங்களுக்கே தெரியுமே. வர்ற சனிக்கிழமை ஒரு தப்புத் தயார் பண்ணிட்டு வாங்க."

போனேன். முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட வந்த ஓர் அம்மாவிடம், "வயசு நாப்பது, சரியாம்மா?" என்றேன். அவர் வெற்றிலைக் காவிப் பல் தெரியச் சிரித்தார். "மகராசன்! அப்படியே இருக்கட்டும்யா!"

தப்பு சார் தலையில் அடித்துக்கொண்டார். "கேக்குறவுகளுக்குப் பிடிச்ச தப்பைச் சொன்னா யாரு சார் கத்துவா? உங்களுக்கு எப்பவும் இதே கோளாறுதான். அடுத்த வாரமும் வாங்க."

வாராவாரம் போகிறேன். அவர் ஒத்துக்கொள்கிற மாதிரி ஒரு தப்பு இன்னும் எனக்கு வரவில்லை. என்றைக்காவது வந்து தொலைத்துவிட்டால், அப்புறம் எதைச் சாக்கு வைத்துக் கயத்தாறு பஸ் ஏறுவது என்பதுதான் இப்போது என் கவலை.