உரிமைக்குப் பாதகமில்லாமல் ஒரு பழக்கூடை

இனி நம் வீட்டில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலை சட்டம் போட்டேன். யாரும் என்றால் என் மனைவி. வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஏற்கெனவே கேட்பதில்லை.

எல்லாம் தொழில் செய்த வேலை. காப்பீட்டுக் கம்பெனியில் இழப்பீட்டு வழக்குப் பிரிவில் இருக்கிறேன். கடையில் வழுக்கி விழுந்தவர், லிஃப்டில் விரல் நசுங்கியவர், சூப்பில் திருகாணி கண்டெடுத்தவர் எல்லாரும் எங்கள் வாடிக்கையாளர்கள் மேல் வழக்குப் போடுவார்கள். வாடிக்கையாளர்களுக்கு நான் செய்யும் முதல் உபதேசம் இது: "ஐயா, வாயைத் திறக்காதீங்க. 'ஸாரி'ன்னு ஒரு வார்த்தை விட்டீங்க, பாதி கேஸ் போச்சு!" இதை நான் தூக்கத்திலும் சொல்வதாக என் மனைவி குற்றம் சாட்டுகிறாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தச் சட்டத்துக்கு அவசரம் வந்த காரணம், முந்தின நாள் மாலை பக்கத்து வீட்டுத் தையல்காரக்கா எங்கள் வாசற்படியில் விழுந்து வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டதுதான். தையல்காரர்! அதிலும் வலது கை! இப்படி ஒரு ஃபைல் ஆபீசுக்கு வந்தால் எங்கள் மேனேஜர் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டுதான் பிரிப்பார்.

உடனே மனைவியிடம் விசாரணையைத் தொடங்கினேன்.

"விழுறப்ப அவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"சிரிச்சிட்டிருந்தாங்க."

"ஆஹா! கவனக்குறைவு. தப்பு அவங்க பக்கம். எதுக்குச் சிரிச்சாங்க?"

"நான் ஒண்ணு சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"உங்களப் பத்தி. படிக்கல்லு ஆடுது, கொஞ்சம் சிமெண்ட் வச்சுப் பூசுங்கன்னு சொன்னேன்ல? பூசுறது வீட்டுக்காரர் பொறுப்பா, குடியிருக்கிறவங்க பொறுப்பான்னு நீங்க ஒரு மாசமா ஆராய்ச்சி பண்றீங்கன்னு சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்புறம் நெஜமாவே விழுந்துட்டாங்க."

விசாரணையை அத்துடன் முடித்துக்கொண்டேன். நம் சாட்சியே நம் கழுத்தைப் பிடித்தால் மேற்கொண்டு கேள்வி கேட்கக் கூடாது.

அவள் செருப்பை மாட்டினாள்.

"எங்கே?"

"அக்காவைப் பாத்துட்டு வரேன்."

"போகக் கூடாது! போனா, 'ஐயோ, எங்க படியால ஆச்சே'ன்னு சொல்லிடுவே."

"நம்ம படியாலதானே ஆச்சு?"

"பாத்தியா! வாசலைத் தாண்டறதுக்குள்ளயே ஒத்துக்கிட்டே!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாற்றலாகி இந்தத் தெருவுக்கு வந்த பிறகு என் மனைவிக்குக் கிடைத்த ஒரே சிநேகிதி அந்த அக்காதான். தினமும் மாலையில் மதிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று டீ குடிப்பார்கள். இப்போது இவள் மட்டும் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து வாய் திறக்காமல் குடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து இவள் சளசளவென்று பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அதை அவளிடம் நான் சொன்னதில்லை. அந்த மௌனத்தில் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அந்தச் சிநேகிதம் என்னால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

ஆகவே ஒரு பழக்கூடை வாங்கி, கூடவே எங்கள் ஆபீஸ் கடித பாணியில் ஒரு அட்டை எழுதி அனுப்பினேன். "எமது உரிமைகளுக்குப் பாதகமின்றி: விரைவில் குணமடைய வாழ்த்துகள். இப்பழங்களை அனுப்புவதால் எவ்விதப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டதாகக் கருதக் கூடாது."

கூடை அன்று மாலையே திரும்பி வந்தது. என் அட்டையின் பின்பக்கத்தில் இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருந்தது: "திராட்சையை மட்டும் எடுத்துக்கொண்டதால் கோபம் தீர்ந்ததாகக் கருதக் கூடாது."

"அக்கா வக்கீலைப் பாக்கப் போறாங்களாம்," என்றாள் மனைவி.

"யார் சொன்னா?"

"பால்காரர்."

"என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாமாம். உங்க வாயால ஒரே ஒரு வார்த்தை."

கடைசியில் நான் போனது வக்கீலுக்குப் பயந்து அல்ல. வக்கீல்களோடு எனக்குத் தினசரி மல்லுக்கட்டுதான். ஜன்னலோரம் கிடந்த அந்த ஒற்றை டீ கிளாஸைப் பார்க்கச் சகிக்காமல்தான் போனேன். அக்கா விழுந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "நடந்ததாகக் கூறப்படும் சம்பவம் குறித்து..." என்றுதான் வாயில் வந்தது.

மத்தியானமே ஆபீசிலிருந்து கிளம்பி நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அக்கா... அந்தப் படியை நான் எப்பவோ சரி பண்ணியிருக்கணும். தப்பு என்மேலதான். மன்னிச்சுடுங்க. என்மேல கோபம்னா என்னைத் திட்டுங்க, அவளோட பேசாம மட்டும் இருக்காதீங்க. அவ பேசலேன்னா எனக்குச் சோறே இறங்க மாட்டேங்குது."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளறையைப் பார்த்து, "கேட்டுச்சா?" என்றார்.

திரைச்சீலை விலகியது. கழுத்தில் இஞ்சு டேப், தலைமுடியில் நூல் பிசிறு. என் மனைவி!

"கேட்டுச்சுக்கா," என்றாள்.

விஷயம் இதுதான். நான் ஆபீசுக்குக் கிளம்பியதும் தினம் இவள் இங்கே வந்து, அக்கா சொல்லச் சொல்ல, அவருக்கு வந்திருந்த துணிகளைத் தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"கை போன வாரமே சரியாப் போச்சு தம்பி," என்று அக்கா கட்டைப் பிரித்தார். "கண்ணாடி முன்னால நீங்க ஒத்திகை பாத்ததைக் கேட்டுட்டுத்தான் காலையில இவ மறுபடி கட்டிவிட்டா."

பொய்க் கட்டுகளைக் கண்டுபிடிப்பதற்காகவே கம்பெனி எனக்குச் சம்பளம் தருகிறது.

"அப்ப சாயங்காலம் ஜன்னலோரம் உம்முனு உக்காந்திருந்தது?" என்று மனைவியைக் கேட்டேன்.

"பகல் பூரா அக்காகூடப் பேசி வாய் வலிச்சுதுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய சிநேகிதம் போகவில்லையே, அது போதும். அன்று மாலையே சிமெண்ட் குழைத்துப் படியைப் பூசினேன். பக்கத்தில் அவள் டார்ச் பிடித்தாள்.

"உன்னை அங்க போகவிடாம தடுத்ததுக்கு மன்னிச்சுடு," என்றேன். இரண்டாவது தடவை சுலபமாகவே வந்தது.

"இதைக் கேக்க எத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன்!" என்று முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டார்ச் வெளிச்சம் தெருவெல்லாம் ஆடியது. உலகத்திலேயே நல்ல புருஷன் நான்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அங்கேதான் கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டேன்.

"சரி, என்னை இத்தனை நாள் ஏமாத்தினதுக்கு நீயும் ஒரு வார்த்தை சொல்லலாமே?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரக்காவின் குரல் வந்தது:

"ஒண்ணும் ஒத்துக்காதேம்மா!"