பூட்டு வைத்த கார்டு

ராயப்பராஜ் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை மாற்ற யாராலும் முடியாது. இதை ஊரில் யாரும் சொன்னதில்லை. அவரேதான் சொல்லிக்கொள்வார். அவர் மனைவி அமலராணி இதை ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. மறுத்துப் பேசாத மனைவியைப் பற்றிக் கணவன்மார் கொஞ்சம் கவலைப்பட வேண்டும். ராயப்பராஜுக்கு அந்தக் கவலை கிடையாது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம், ஏப்ரல் மாதக் கடைசி. காலையில் தோசைக்கு நடுவே அவர் ஒரு முடிவை அறிவித்தார். மகள் நான்சிக்கு மே மாதம் புதுநன்மை. வெள்ளைக் கவுன் போட்டு, கையில் மெழுகுவர்த்தி பிடித்து, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். அதற்குள் புது டிஜிட்டல் கேமரா வாங்கியாக வேண்டும். பழைய கேமரா மைத்துனன் ஸ்டீபன்ராஜ் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது. செங்கல் கனம். பட்டனை அமுக்கினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் படம் எடுக்கும். அதற்குள் எதிரே நிற்பவர்கள் சிரித்து முடித்து, இலை போட்டாச்சா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. பழைய கேமராவின் மெமரி கார்டுக்குக் காம்பாக்ட் ஃப்ளாஷ் என்று பெயர். தீப்பெட்டி அகலத்தில் தடியாக இருக்கும். அது வீட்டில் சும்மா கிடக்கக் கூடாது. புதுக் கேமராவும் அந்தக் கார்டைப் போடுகிற கேமராவாகத்தான் இருக்க வேண்டும். புதுச் சம்பந்தம் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பழைய சொந்தத்தை விட்டுவிட முடியுமா என்று கேட்டார்.

இங்கே ராயப்பராஜின் தலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருடைய நெற்றி வருடா வருடம் மேலே ஏறி, உச்சியைத் தாண்டி, பின்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. நேரில் பார்த்தால் லட்சணமான மனிதர்தான். ஃப்ளாஷ் அடித்தால்தான் வினை. படத்தில் அவர் தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குண்டு பல்பு எரியும். பிலிம் காலத்தில் வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொண்டார். டிஜிட்டல் வந்ததும் டெலிட் என்று ஒரு பட்டன் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து வீட்டில் எந்த விசேஷம் முடிந்தாலும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பல்பு எரியும் படங்களை ஒவ்வொன்றாக அழிப்பார். கூட யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் பார்ப்பதில்லை. நான்சியின் பிறந்தநாள் படங்கள் அப்படித்தான் போயின. சாமியார் வந்து புது வீடு மந்திரித்த படங்களில் வீடு மட்டும்தான் மிச்சம்.

போன கிறிஸ்துமஸுக்கு அமலராணியின் அம்மா இஞ்ஞாசியம்மாள் சின்னாளப்பட்டியிலிருந்து வந்திருந்தார். கேமராவைக் கண்டாலே முறைக்கிற மனுஷி. அன்றைக்கு என்னவோ, மகள் தோளில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். நான்சிதான் அதை எடுத்தாள். படம் அருமையாக விழுந்தது. பின்னால் பிரியாணி பரிமாறக் குனிந்த மருமகனின் தலையும் சேர்ந்து விழுந்தது. சாயங்காலமே படம் போய்விட்டது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அம்மாவும் போய்விட்டார். சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் இல்லை. கடைசியில் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். இஞ்ஞாசியம்மாள் அதிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

நான்சியின் புதுநன்மைப் படத்தில் ஒன்றுகூட அப்படிப் போகக் கூடாது என்பதுதான் அமலராணியின் ஒரே ஆசை. வாய்விட்டும் கேட்டுப் பார்த்தாள். “சரி, சரி” என்றார் ராயப்பராஜ். அவர் ஒரு முறை சரி சொன்னால் செய்வார். இரண்டு முறை சொன்னால் மறந்துவிடுவார்.

எனவே அன்று காலை, தடிக்கார்டைப் பற்றிய அறிவிப்பைக் கேட்ட அமலராணி தோசையைத் திருப்பிப் போட்டபடி உடனே ஒத்துக்கொண்டாள்.

“ஆமாங்க, தடிக்கார்டுதான் நல்லது. பாரூக் பாய் கடையில புதுசா குட்டியூண்டு கார்டு ஒண்ணு வந்திருக்காம். எஸ்டியாம். அதுல பூட்டெல்லாம் வச்சிருக்காங்களாம். கார்டுக்குப் போயி பூட்டு எதுக்கு? தண்டம்.”

ராயப்பராஜின் கையில் இருந்த தோசைத் துண்டு வாய்க்குப் போகாமல் நின்றது.

“என்ன சொன்ன?”

“தண்டம்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“பூட்டு எதுக்குன்னேன்.”

திண்டுக்கல் நாகல் நகரில் பூட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு மனிதரிடம், அவர் வீட்டிலேயே, பூட்டு விற்ற காசில் வாங்கிய மாவில் சுட்ட தோசையைப் போட்டுக்கொண்டே கேட்கிற கேள்வியா இது? ராயப்பராஜ் எழுந்துவிட்டார். உலகத்தில் பூட்டுத் தேவைப்படாத பொருள் என்று எதுவும் கிடையாது என்று ஆரம்பித்து, கை கழுவும்வரை பேசினார். துண்டில் துடைக்கும்போதும் பேசினார். அந்தக் கார்டைப் பார்த்தே தீருவது என்று புறப்பட்டார். அமலராணி, வேண்டாங்க, வெயிலாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

மணிக்கூண்டுப் பக்கம் இருந்தது முகமது பாரூக்கின் போட்டோக் கடை. அவர் கண்ணாடி மேசைமேல் கார்டுகளை வரிசையாக வைத்தார். தடியான காம்பாக்ட் ஃப்ளாஷ். கட்டைவிரல் நகத்தளவுக்கு எக்ஸ்டி என்று ஒன்று. தபால் தலை மாதிரி எஸ்டி. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற கேமரா வேறு வேறு, ஒன்றுக்குரியது இன்னொன்றில் நுழையாது என்று விளக்கினார்.

ராயப்பராஜ் எஸ்டியை மட்டும் எடுத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். விளிம்பில் அரிசி முனை அளவுக்கு ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்தது.

“சாவி எங்க பாய்?”

“சாவி கிடையாதுண்ணே. இதைக் கீழ தள்ளுனா பூட்டு. மேல தள்ளுனா திறப்பு. பூட்டிட்டா புதுசா படம் ஏறாது, உள்ள இருக்கிறதையும் அழிக்க முடியாது.”

“அப்ப இது பூட்டு இல்ல. தாழ்ப்பா.” ராயப்பராஜ் தொழில் தெரிந்தவராகத் தீர்ப்புச் சொன்னார். ஆனால் அவர் விரல் அந்தப் பொத்தானை மேலும் கீழும் தள்ளிக்கொண்டேயிருந்தது. இத்தனை சின்ன இடத்தில் ஒரு தாழ்ப்பாள் வைத்தவன் யாராக இருந்தாலும் அவன் கைக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அமலராணி எக்ஸ்டியை எடுத்துக் காட்டினாள். இதுதான் அழகாக இருக்கிறது, தங்க நிறத்தில் கோடெல்லாம் போட்டிருக்கிறது, இதையே வாங்கலாம் என்றாள். இல்லாவிட்டால் தடிக்கார்டே இருக்கட்டும் என்றாள். எஸ்டி மட்டும் வேண்டவே வேண்டாம் என்று அவள் அடம் பிடித்ததில் பாரூக் பாயே கொஞ்சம் திகைத்துப் போனார்.

“அதுல பூட்டு இருக்கா?” என்றார் ராயப்பராஜ்.

“இல்ல.”

“பெறகு? பூட்டு இல்லாத பொட்டியில நான்சி படத்தை வைக்கச் சொல்றியா? உன் கை தெரியாம பட்டு ஒரு படம் அழிஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவ?”

அமலராணி தலையைக் குனிந்துகொண்டாள். பழைய சொந்தத்தை விடக் கூடாது என்று காலையில் சொன்னீர்களே என்று மெதுவாக நினைவூட்டினாள். சொந்தம் என்றால் கொஞ்சம் தள்ளியே இருக்கலாம் என்று ராயப்பராஜ் பதில் சொன்னார். எஸ்டி கார்டு, அதைப் போடுகிற மெலிசான கேமரா, தோளில் மாட்ட ஒரு பை, எல்லாம் வாங்கியாயிற்று. மனைவியை இப்படி முழுசாகத் தோற்கடித்து அவருக்கு ரொம்ப நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு நடக்கையில் அவர் இரண்டடி முன்னால் நடந்தார்.

அடுத்த நாட்களில் கடைக்கு வந்தவர்கள் யாரும் வந்த வேலையை மட்டும் முடித்துக்கொண்டு போக முடியவில்லை. மாங்காய் வடிவத்தில் வரும் மாங்காய்ப் பூட்டு கேட்டு வந்தவருக்கும் எஸ்டி கார்டு காட்டப்பட்டது. ஜப்பான்காரனே கடைசியில் நம் தொழிலுக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறான் என்று விளக்கம் சொல்லப்பட்டது. ராயப்பராஜுக்கு அதில் ஒரே ஒரு குறை. அதை ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொன்னார்.

“எல்லாஞ் சரி. நகத்தாலேயே தள்ளிப்புடலாம்ங்கிறதுதான் குறை. பூட்டுன்னா, போட்டவனே வந்து கெஞ்சினாலும் தெறக்கக் கூடாது. அந்தப் பொத்தானை மட்டும் அசைய விடாமப் பண்ணிட்டா, திண்டுக்கல் பூட்டு தோத்துரும்.”

“அப்படிங்களா?” என்று கேட்டுவிட்டு, அமலராணி அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

புதுநன்மை நாள் வந்தது. நான்சி பூமுடி வைத்து, மெழுகுவர்த்தி பிடித்து, அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கமாகப் பீடத்துக்கு நடந்தாள். விடுமுறையில் வந்திருந்த ஸ்டீபன்ராஜ் கேமராவோடு பின்னோக்கி நடந்துகொண்டே ஃப்ளாஷ் அடித்தான். ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் ராயப்பராஜ் தாராளமாகச் சிரித்தார். எத்தனை பல்பு எரிந்தால் என்ன? மத்தியானம் சாய்வு நாற்காலி இருக்கிறது, டெலிட் பட்டன் இருக்கிறது. கோயில் வாசலில் நான்சிக்கு ஜெபம் சொல்லித்தந்த உபதேசியார் அருளப்பன் வந்து நின்றபோதுகூட, கர்ச்சீப்பால் தலையைத் துடைக்காமலே படத்துக்கு நின்றார்.

வீட்டில் பிரியாணி முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போனார்கள். ராயப்பராஜ் நாற்காலியில் சாய்ந்து கேமராவை எடுத்தார். முதல் படம். நான்சியின் முகம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அத்தனை தெளிவாக இருந்தது. அமலராணி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பல்பு. ராயப்பராஜ் டெலிட்டை அமுக்கினார். கார்டு பூட்டியிருக்கிறது என்று கேமரா சொன்னது.

அவருக்குப் பெருமையாகவே இருந்தது. பார்த்தாயா, வேலை செய்கிறது என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கார்டை வெளியே எடுத்து நகத்தால் பொத்தானைத் தள்ளினார். நகரவில்லை. இன்னொரு கை நகத்தால் தள்ளினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பொத்தானைச் சுற்றிக் கண்ணீர்த் துளி மாதிரி ஒன்று காய்ந்து பளபளத்தது. அவர் கடை மேசையிலேயே இருக்கிற பெவிக்விக் பசை.

ராயப்பராஜ் கடைக்கு ஓடி ஊசியும் மெல்லிய திருப்புளியும் எடுத்துவந்தார். சாவி தொலைத்தவர்கள் கண்ணீரும் கம்பலையுமாக அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரும்புப் பெட்டியையே காதை வைத்துக் கேட்டுத் திறந்தவர்.

“பாத்துங்க,” என்றாள் அமலராணி. “உள்ள நான்சி படம் அம்புட்டும் இருக்கு. கார்டு ஒடஞ்சா ஒண்ணுகூட மிஞ்சாது.”

திருப்புளி அந்தரத்தில் நின்றது.

“நீயா ஒட்டுன?”

“நீங்க ரெண்டாந்தடவ பிரியாணி வாங்கையில ஒட்டுனேன். பொத்தான் அசையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

ராயப்பராஜுக்கு இப்போதுதான் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. தண்டம் என்றது, எக்ஸ்டிக்கு அடம் பிடித்தது, வெயிலில் கூடவே வந்தது. எஸ்டியில் பூட்டு இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அம்மா படம் பெரிதாக்கக் கொடுக்கப் போனபோது பாரூக் பாய் சொன்னார் என்றாள். அப்படியானால் அதைத்தான் வாங்க வேண்டும் என்று நேராகவே சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

“சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?”

அமலராணி சுவரைப் பார்த்தாள். இஞ்ஞாசியம்மாள் இரண்டு பேரையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கம்மா சிரிச்ச படம் ஒண்ணே ஒண்ணுதாங்க. அதுல உங்க தலை இருந்தா எனக்கு என்ன? அந்தத் தலையோடதானே நான் குடும்பம் நடத்துறேன்.”

ராயப்பராஜ் திருப்புளியைக் கீழே வைத்தார். செய்தது தப்புதான் என்று அவருக்கு உறைத்தது. ஆனாலும் ஒரு தொழில்காரருக்குள்ள மரியாதையோடு அந்தக் கார்டை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். சுத்தமான வேலை. ஒரு சொட்டு அதிகமில்லை.

அந்த மாதமே அமலராணி எல்லாப் படத்தையும் பாரூக் பாயிடம் கொடுத்துப் பிரிண்ட் போட்டாள். கார்டு பூட்டியிருந்தாலும் படத்தைப் பார்க்கத் தடையில்லை, பிரிண்ட் போடவும் தடையில்லை. பீடத்துக்கு நடக்கிற படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, முன்னறைக் கண்ணாடி அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, அலமாரிக்குக் கடையில் இருப்பதிலேயே நல்ல பூட்டாக ஒன்று வேண்டும் என்று கணவரிடம் கேட்டாள். போட்டவனே வந்து கெஞ்சினாலும் திறக்காத பூட்டு. ராயப்பராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் கையால் ஒரு மாங்காய்ப் பூட்டைப் பொறுக்கி, எண்ணெய் விட்டு, இதற்குக் கள்ளச் சாவி போட இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது என்று சொல்லி அவள் கையில் கொடுத்தார். அவள் பூட்டினாள். சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

வருகிறவர்கள் எல்லாம் அலமாரி முன்னால் நின்று, படம் ஜோர் என்றார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ராயப்பராஜ் சாவி கேட்டார். நான்சி கல்யாணத்தன்றைக்குத் தருகிறேன் என்றாள் அமலராணி. நான்சிக்கு அப்போது ஒன்பது வயது.

“இல்ல அமலா, கண்ணாடியில என்னமோ பளிச்சுன்னு கண்ணக் கூசுது. தொறந்து குடு, செத்த நேரத்துல தொடச்சு வச்சுர்றேன்.”

“தொடச்சா போகாதுங்க, அது உங்க தலை.”