கரடி டப்பாவை அனீசியா திறந்த படலம்

வாழிய அனீசியா! பதினைந்தே வயதில் கச்சமாக் விரிகுடாவின் பனிநீரைத் துடுப்பால் உழுதவள், ஒன்பது பெண்கள் கொண்ட கயாக் படகுப் படையின் மணங்காப்பாளி, மூக்கிற் சிறந்தாள், பிடிவாதத்தில் இணையிலாதாள். அவள் புகழை அலைகள் பாறைதோறும் அறைந்து முழங்கட்டும். நமக்குக் காலைச் சாப்பாட்டுக்கு முன் நடந்ததைச் சொன்னால் போதும்.

கரடி உலவும் கரையில் கூடாரமிடுவோர் மணமுள்ள எதையும் உடன்வைத்து உறங்குவதில்லை. பற்பசை, உதட்டுக் களிம்பு, மறுநாள் காலைக்கான ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய் யாவும், கரடிகளை வெல்லவென்றே வார்க்கப்பட்ட கருநிறப் பெருவயிற்றுப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சிறைபுக வேண்டும். முந்தைய மாலை அப்பணி ஏற்ற அனீசியா, எண்மரின் உடைமைகளையும் மோந்து தீர்ப்பளித்து, இறுதியில் தன் குறிப்பேட்டையே மோந்தாள். புகையிட்ட சால்மனைத் தின்ற விரலால் எழுதிய ஏடு அது. நீதி வழுவாத நங்கை அதையும் உள்ளே போட்டு மூடியைத் திருகினாள்.

பாறையில் அடித்த எந்த ஆணியிலிருந்து எத்தனை அடி தள்ளிச் சதுரச் சட்டத்தை வைத்துப் பாறையின் உயிர்களை எண்ண வேண்டும் என்ற அளவுகள் அந்த ஏட்டில்தான் இருந்தன. காலை ஏழு மணிக்குக் கடல் அடிமட்டத்துக்கு இறங்கும். அரை மணியில் திரும்பிவிடும். நோயால் நட்சத்திர மீன்கள் செத்தொழிந்த அப்பாறையில் நான்கு கோடைகளாக எண்ணிக்கை சுழியம். முந்தைய நாள் படகிலிருந்து நீருக்கடியில் ஒரு குட்டியைக் கண்டதாக அனீசியா மட்டும் சொன்னாள்.

"அது ஆரஞ்சுத் தோல்டீ," என்றாள் பிரின். துடுப்பில் இரண்டாமவள், ஏளனத்தில் முதலாமவள்.

"நாளைக்குச் சட்டத்துக்குள்ள வந்து நிக்கும், அப்ப பேசு."

ஏழு மணியும் வந்தது. டப்பாவைத் திறக்க, மூடியருகே உள்ள புடைப்பைக் கட்டைவிரலால் உள்ளே அழுத்தியபடி திருக வேண்டும். கரடிக்கு அப்படியொரு கட்டைவிரல் கிடையாது. குளிரில் விறைத்துப்போன அனீசியாவுக்கும் அன்று கிடையாது.

தொடையிடை இறுக்கினாள், மார்போடு அணைத்து நெரித்தாள், துடுப்புக் காம்பால் ஓங்கி அறைந்தாள், ஈரப்பாறைமேல் சாய்த்து அதன்மேல் ஏறி அமர்ந்து இருகையாலும் முறுக்கினாள்; ஆயிரம் முற்றுகை கண்ட அக்கோட்டையோ மயிரிழையும் நெகிழாது, வீராங்கனையைப் பாசியில் உருட்டிவிட்டுத் தானும் உருண்டு, ஒரு கிளிஞ்சல் குவியலில் போய் நின்றது.

"யாரும் தொடக்கூடாது. நான் மூடினேன், நான்தான் திறப்பேன்."

"நல்லாத் திற. கடல் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்கும் பாரு," என்றாள் பிரின்.

"இன்னும் பதினெட்டு நிமிஷம்," என்று தலைவி கெயில் கடிகாரம் பார்த்து அறிவித்தாள்.

அனீசியாவுக்கு அழுகை வந்தது. நான்கு சுழியத்தோடு ஐந்தாவது சுழியம் சேரும். அவள் கண்டது காலமெல்லாம் ஆரஞ்சுத் தோலாகவே இருக்கும். அக்கண்ணீரை எதிரி கண்டாள்.

"கையைக் கொண்டா," என்றாள் பிரின், கழுத்துப்பட்டியை இறக்கியபடி. "இங்க வை. நெரிச்சிடாத."

விறைத்த கைக்குத் தோழியின் கழுத்தைத் தருவது அக்கடலோடிகளின் மரபு. பகைவர்க்கும் அது பொருந்தும். வெற்றுக் கழுத்தில் பத்துப் பனிவிரல்கள் படிந்தபோது பிரின் எழுப்பிய ஓலம் எதிர்க்கரைப் பனியாறுவரை சென்று மீண்டது. ஆயினும் அவள் கழுத்தை இழுத்துக்கொள்ளவில்லை. நூறு எண்ணும்வரை நின்றாள்.

பின்னர் கட்டைவிரல் எழுந்தது, புடைப்பு பணிந்தது, மூடி சுழன்றது. ஏட்டைப் பறித்துக்கொண்டு அனீசியா முன்னோட, சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பிரின் பின்னோட, கெயிலும் அறுவரும் ஆர்ப்பரித்துத் தொடர, கணுக்கால்வரை ஏறிவிட்ட கடலைக் கலக்கிக்கொண்டு அப்படை பாறையை அடைந்தது. ஏட்டின் அளவுப்படி வைத்த சட்டத்தின் ஒரு மூலையில், கட்டைவிரல் நகமளவே ஆன செம்மஞ்சள் உயிரொன்று ஒன்பது கைகளை விரித்துக் கிடந்தது. கைகளை எண்ணிச் சொன்னவள் பிரின்தான்.

"எழுதுடீ," என்றாள்.

அனீசியா 'ஒன்று' என எழுதினாள். நான்கு கோடையின் வெறுமையைத் தோற்கடித்த அத்தோழியர் தோளொடு தோள் பிணைத்து, துடுப்புகளை வேலென உயர்த்தி, வெற்றிமுழக்கம் வானளாவ முகாம் மீண்டனர்.

டப்பாவை யாரும் மூடாததால் காலைச் சாப்பாட்டை அண்டங்காக்கைகள் தின்றுவிட்டிருந்தன.