டாக்டர் சுரண்டிய வாணலி

வாணலியில் மிச்சமிருந்த கறுப்பைப் பல் டாக்டர் மும்முரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கையில், கிளினிக்கில் பற்காரை எடுக்கும் கருவி. முகத்தில் மாஸ்க். சமையல் மேடை முழுக்கக் கறுப்புத் தூள். விளிம்பில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டரும் விடுவதாக இல்லை. காரையைப் பாதியில் விட்டுவைப்பது அவர் தொழிலுக்கே இழுக்கு.

தண்ணீர் குடிக்க வந்த மகள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, அது அம்மாவோட வாணலியா?"

"எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு. முன்னாடி இருந்த கோலத்தை போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். உங்கம்மா வந்ததும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டணும்."

"அப்பா, அது அழுக்கு இல்ல."

"பின்ன?"

"அதுதான் வாணலியே."

டாக்டர் மாஸ்க்கைக் கீழே இறக்கினார். மகள் பொறுமையாக விளக்கினாள். இரும்பு வாணலியில் எண்ணெய் தடவி, காயவைத்து, திரும்பத் திரும்பப் பழக்கினால்தான் அந்தக் கறுப்பு ஏறும். கறுப்பு ஏறினால்தான் எதுவும் ஒட்டாது.

"கல்யாணமான புதுசுல அம்மா வாங்கினதுப்பா. என்னைவிட மூத்தது. நம்மளை யாரையும் தொட விட்டிருக்காங்களா? சோப்பு போட்டாங்கன்னு வேலைக்கு வந்தவங்களையே நிறுத்தினாங்க."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"நீங்க கிச்சனுக்குள்ள வருவீங்கன்னு யாரும் நினைக்கல. சரி, இன்னிக்கு சாயந்திரம் என்னன்னு ஞாபகம் இருக்கா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. டாக்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கீழே குடியிருப்போர் சங்க ஹாலில் மனைவியின் பேச்சு. 'வீட்டுக்கு நல்ல பாத்திரம் தேர்ந்தெடுப்பது எப்படி?' என்பது தலைப்பு. ஒட்டாத பூச்சு போட்ட பாத்திரத்தை விட்டால் வேறு கதியில்லை என்று எதிர்வீட்டு வக்கீலம்மா போன கூட்டத்தில் அடித்துப் பேசியிருந்தார். தலைமையாசிரியையான மனைவி அதே இடத்தில் சவால் விட்டிருந்தாள். இரும்பு வாணலி, ஒரே ஒரு சொட்டு எண்ணெய், முட்டை. கரண்டி படாமல் முட்டை தானாக வழுக்கித் தட்டில் விழ வேண்டும்.

"விழலன்னா?" என்றார் டாக்டர்.

"வக்கீலம்மா முன்னாடி அம்மா தலைகுனிஞ்சு நிப்பாங்க. அப்புறம் நீங்க கிளினிக்லயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

மனைவி சிறப்பு வகுப்பு எடுக்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். சாயந்திரம் நேராக ஹாலுக்குத்தான் வருவாள். வாணலியைக் கீழே கொண்டுவந்து வைக்கும் பொறுப்பு டாக்டருடையது.

"எண்ணெய்தானே வேணும்" என்று டாக்டர் அடுப்பைப் பற்றவைத்தார். தாராளமாக ஊற்றினார். தீயையும் தாராளமாக வைத்தார். புகை வீட்டு வாசல் வரை போனது. எண்ணெய் மட்டும் எங்கேயும் போகாமல் வாணலியிலேயே கோந்தாக இறுகியது. அதிலேயே ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பார்த்தார். கரண்டி வளைந்தது. முட்டை அசையவில்லை.

"கிளினிக்ல நான் வைக்கிற சிமென்ட்கூட இப்படிப் பிடிச்சதில்ல" என்றார், கொஞ்சம் பொறாமையோடு.

கோந்து இளக வேண்டுமென்று வினிகர் கலந்த வெந்நீரில் ஊறப்போட்டார். அந்த நேரம் பார்த்து கட்டுப்பல் உடைந்த ஒரு பெரியவர் போனில் வந்தார். பல் உடைந்த கதையைப் பல் இல்லாத வாயால் ஆதியோடந்தமாகச் சொன்னார். டாக்டர் திரும்பி வந்தபோது கோந்து போயிருந்தது. வாணலி செம்மண் நிறத்தில் துருப்பிடித்திருந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். "கறுப்பைத் தவிர எல்லாக் கலரும் வந்துடுச்சுப்பா."

டாக்டர் வாணலியைப் பையில் போட்டுக்கொண்டு பாத்திரக் கடைக்கு ஓடினார்.

"இதே அளவுல, இதே மாதிரி, கறுப்பா ஒண்ணு வேணும்."

கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "கையில தூக்கிப் பாருங்க சார். நல்ல கனம். அடி சமமா உக்காரும். பிடியில ஆணியை ஒழுங்கா அறைஞ்சிருக்கான், ஆடாது."

"கறுப்பு?"

"வாணலிதான் நாங்க விக்கிறோம். கறுப்பு நீங்க ஏத்திக்கணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"அது அந்தந்தக் குடும்பத்தைப் பொறுத்தது."

"ஏற்கெனவே பழகினது எங்கயாவது கிடைக்குமா?"

"பழகின செருப்பு கிடைக்குமான்னு கேக்கிற மாதிரி இருக்கு." கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். "பின்தெரு மெஸ் மாஸ்டரைக் கேட்டுப் பாருங்க. இதே சைஸ்ல வெச்சிருப்பாரு. ஆனா ஆளு முன்கோபி. போதாக்குறைக்கு ரெண்டு நாளா பல்வலி வேற."

காலையிலிருந்து முதன்முறையாக டாக்டர் முகத்தில் களை வந்தது.

மெஸ்ஸில் மாஸ்டர் வீங்கிய கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில் வாணலி ஒன்று தொங்கியது. அதே அளவு. தார் ரோடு மாதிரி கறுப்பு.

"விக்கிறதுக்கில்ல" என்றார் மாஸ்டர், டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே.

"விலைக்குக் கேக்கல. மாத்திக்கலாம்." டாக்டர் பையிலிருந்து துருப்பிடித்த வாணலியை எடுத்து நடந்ததைச் சொன்னார். போனில் பழைய போட்டோவையும் காட்டினார். "நான் பல் டாக்டர். உங்க பல்லை நானே பாத்துடறேன்."

மாஸ்டர் போட்டோவைப் பார்த்தார். வாணலியைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவினார். அவர் கண் கலங்கிற்று. பல்வலி என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

"இது யாரோட வாணலி?"

"என் வீட்டம்மாவோடது. ஸ்கூல்ல எச்.எம்."

மாஸ்டர் என்னவோ சொல்ல வந்தார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"பல்லைப் பிடுங்கக் கூடாது. வலி மட்டும் போகணும்."

"சரி."

"ஊசி?"

"போட்டதே தெரியாது."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றீங்க." மாஸ்டர் எழுந்து சுவரிலிருந்த வாணலியை எடுத்து டாக்டர் கையில் வைத்தார். "கொண்டு போங்க. நாளைக்குக் காலைல வர்றேன்."

சாயந்திரம் ஹால் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் வக்கீலம்மா கைகட்டி உட்கார்ந்திருந்தார். மனைவி கனத்தைப் பற்றிப் பேசினாள், அடிப்பாகத்தைப் பற்றிப் பேசினாள், பிடியை ஆட்டிப் பார்த்து வாங்கச் சொன்னாள். பிறகு வாணலியைக் கையில் எடுத்தாள்.

எடுத்தவள் ஒரு கணம் பேச்சை நிறுத்தினாள்.

பிடியைப் பார்த்தாள். திருப்பி அடியைப் பார்த்தாள். நிமிர்ந்து, கடைசி வரிசையில் இருந்த கணவரைப் பார்த்தாள். டாக்டர் முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

"இது..." என்று ஆரம்பித்த மனைவி வாணலியை அடுப்பில் வைத்தாள். "இது கல்யாணமான புதுசுல நான் வாங்கி, நானே பழக்கின வாணலி."

ஒரு சொட்டு எண்ணெய் விட்டு முட்டையை உடைத்து ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு வாணலியைச் சாய்த்தாள். முட்டை வழுக்கிக்கொண்டு போய்த் தட்டின் நடுவில் உட்கார்ந்தது.

ஹால் கைதட்டியது. வக்கீலம்மா எழுந்து வந்து தட்டைப் பார்த்து, வாணலியைப் பார்த்து, "எந்தக் கடைல வாங்கினீங்க?" என்றார். அதைவிடப் பெரிய தோல்வியை அவர் எந்தக் கோர்ட்டிலும் ஒப்புக்கொண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. சமையலறையில் புகைவாடை இன்னும் போகவில்லை. அதைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. சாப்பாட்டில் மட்டும் கூட ஒரு கரண்டி விழுந்தது.

"என்னங்க, போதுமா? இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்றாள். அந்தக் கனிவைக் கேட்டு டாக்டர் மறுக்காமல் தட்டை நீட்டினார். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாளோ?

மறுநாள் காலை சொன்னபடி மாஸ்டர் கிளினிக்குக்கு வந்தார். ஊசி போட்டது தெரிந்தது. மற்றபடி எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வாயிலிருந்த பஞ்சை எடுத்ததும் முதல் வேலையாக மாஸ்டர் கேட்டார்.

"மேடம் முட்டை போட்டாங்களா சார்?"

"வழுக்கிக்கிட்டுப் போச்சு. உங்க வாணலிதான் என் மானத்தைக் காப்பாத்துச்சு மாஸ்டர்."

"அது என் வாணலி இல்ல சார்."

டாக்டர் கை கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"என்னுது நீங்க சுரண்டினது. எவ்வளவு பழக்கினாலும் முட்டை ஒட்டுதுன்னு போன மாசம் மேடம் அவங்க வாணலியை என்கிட்ட குடுத்துட்டு, என்னோடதை வாங்கிட்டுப் போனாங்க. அதை ஒரு மாசமா மெஸ் அடுப்புல நான் பழக்கிவிட்டேன்; நேத்து நீங்க தூக்கிட்டுப் போனது உங்க வீட்டு வாணலிதான்."