எண்ணெய் இல்லாமல் ஒரு தாளிப்பு

முப்பது வருடம் ஒரே வேலை பார்த்தவனிடம் புது இயந்திரம் எதையும் கொடுக்கக் கூடாது. அதை வைத்துக்கொண்டும் அவன் தன் பழைய வேலையைத்தான் செய்வான். நான் செய்தேன்.

எனக்கு வேலை திருவாரூர் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில். நெல்லை ஊறவைத்து, அவித்து, டிரையரில் ஏற்றிக் காயவைக்கும் பகுதி என் பொறுப்பு. படிப்பு பத்தாம் வகுப்பு. பேச்சு அதைவிடக் குறைவு. (கல்யாணப் பந்தியில் என் இலைக்கு ரசம் வராவிட்டால் கேட்க மாட்டேன். மோர் வரும்வரை காத்திருந்து, அதை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.)

என் மகள் கவிதாவுக்குப் பத்து வயதாகும்போது என் மனைவி காலமாகிவிட்டாள். பிறகு கவிதா படித்து, தஞ்சாவூரில் வாழ்க்கைப்பட்டு, உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். இங்கே அம்மா இல்லை. நான்தான் இருக்கிறேன். போதாததற்கு டாக்டர் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது, சாப்பாட்டில் எண்ணெயைக் குறையுங்கள் என்று சொல்லியிருந்தார்.

"ஆம்பளை தனியா இருக்கிற வீடு. அவரு பாட்டுக்கு ஓட்டல்ல பரோட்டா வாங்கிக் குடுத்துட்டு மில்லுக்குப் போயிடுவாரு. பிரசவம் இங்கயே ஆகட்டும்" என்று சம்பந்தியம்மா முடிவு சொல்லிவிட்டார். அவர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முடிவு சொன்னால் ஃபைலைக் கட்டி பீரோவில் வைத்த மாதிரி.

கவிதாவுக்கு இங்கே வர ஆசை. எனக்கு அவளைவிட ஆசை. பேராவூரணியிலிருந்து என் அக்கா வந்து மூன்று மாதம் தங்கிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அதைச் சம்பந்தியம்மாவிடம் எடுத்துச் சொல்ல வேண்டியது நான். மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். மூன்று முறையும் மணி என்ன என்று பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். அதனால் கவிதாவே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள்.

"எங்கப்பா இப்பல்லாம் எண்ணெயையே தொடுறதில்லைங்கத்தை. எல்லாம் ஏர் ஃப்ரையர்லதான்."

"அப்படியா? வர்ற ஞாயித்துக்கிழமை போயி ஒரு வாய் சாப்பிட்டுட்டு வருவோம்" என்றாராம் சம்பந்தியம்மா.

புதன்கிழமை பார்சலில் இயந்திரம் வந்து இறங்கியது. கூடவே கவிதாவின் போன்.

"அப்பா, நல்லாக் கேட்டுக்குங்க. பிரீசர்ல ஐஸா விக்கிற காய்கறி பாக்கெட் ரெண்டு வாங்கிக்குங்க. நறுக்க வேண்டாம், கழுவ வேண்டாம், ஐஸ் விட வைக்க வேண்டாம். அப்படியே கொட்டி, இருநூறுல பன்னண்டு நிமிஷம். கூடையில பாதிக்கு மேல போடாதீங்க. ரெண்டு தடவையா வைங்க. இதுல தப்பு பண்றதுக்கு ஒண்ணுமே இல்லப்பா."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் கூடையை உருவி உள்ளே குனிந்து பார்த்தேன். மேலே சூடாகும் கம்பிச் சுருள். அதற்கு மேல் ஒரு ஃபேன். சூடான காற்று உள்ளே சுற்றிச் சுற்றி வருகிறது. இதைத்தானே முப்பது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்! எங்கள் ஆலை டிரையர் மூன்று மாடி உயரம், இது முழங்கால் உயரம் கூட இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குத் தைரியம் வந்தது.

"நீ கவலைப்படாதம்மா. நம்ம டிரையர்தான். குட்டி போட்டிருக்கு" என்றேன்.

சனிக்கிழமை திருவாரூருக்குப் பஸ் ஏறிப் போய், கடையில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் கிடந்த இரண்டு பாக்கெட்டை வாங்கினேன். பட்டாணி, கேரட், பீன்ஸ், காலிஃபிளவர். வழியில் ஐஸ் விட்டுவிடக் கூடாதென்று ஆலையிலிருந்து ஒரு பை உமி கொண்டுபோயிருந்தேன். பாக்கெட்டை உமிக்குள் புதைத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கல் மாதிரி வந்து சேர்ந்தது. அந்த இரண்டு நாளில் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசமும் கீரையும் வைத்து முடித்துவிட்டு பாக்கெட்டைப் பிரித்தேன். காயெல்லாம் ஐஸ் பூத்துக் கிடந்தது. கழுவ வேண்டாம் என்று கவிதா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் இவ்வளவு ஈரத்தோடு எதையும் டிரையரில் ஏற்றக் கூடாது என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அது எனக்கல்லவா தெரியும்! ஐஸ் கரையட்டும் என்று தண்ணீரில் கொட்டி ஊறவைத்தேன். வடித்தேன். துவைத்த வேட்டி ஒன்றை வாசலில் விரித்து வெயிலில் பரப்பினேன். கால் மணிக்கு ஒரு தடவை கிளறிவிட்டேன். (களத்தில் நெல்லைக் கிளறுவதுபோல் காலால் இல்லை, கையால்தான். இதை அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) ஒரு காகம் பட்டாணியை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனது.

பன்னிரண்டரைக்கு வர வேண்டிய கார் பதினொன்றரைக்கே வந்துவிட்டது.

சம்பந்தியம்மா இறங்கியதும் வேட்டியைத்தான் பார்த்தார். "என்ன சம்பந்தி, வத்தலா? காலிஃபிளவர்ல கூடவா வத்தல் போடுவீங்க?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

பின்னால் இறங்கிய கவிதா வேட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, வேட்டியை மூட்டையாகச் சுருட்டிக்கொண்டு கொல்லைப்பக்கமாகச் சமையலறைக்குள் நுழைந்தேன். இரண்டு பாக்கெட் காயையும் கூடையில் திணித்தேன். பாதிதான் போட வேண்டுமாம்! டிரையரைப் பாதி லோடில் ஓட்டினால் எங்கள் முதலாளி என்ன பேச்சுப் பேசுவார் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். மூடி, சூட்டை எண்பதில் வைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கூடையை உருவி ஒரு பட்டாணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பதம் பார்த்தேன். நெல்லுக்கு அப்படித்தான். கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். இது கொழகொழவென்று நாக்கில் ஒட்டியது.

கவிதா உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். "எண்பதுல வச்சா என்னப்பா ஆகும்?"

"சூடு ஏத்துனா நொய்யாப் போயிடும்மா. மெதுவாத்தான் காயணும்."

"இது நெல்லு இல்லப்பா!"

"கவிதா, என்ன நெல்லு?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லைங்கத்தை!" என்று சொல்லியபடி இருநூறுக்கு ஏற்றிவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

நான் மறுபடி திறந்து பார்த்தேன். வெந்தும் வேகாமலும் ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. பார்த்தால் பொரியல் மாதிரியே இல்லை. பொரியல் என்றால் தேங்காய்ப்பூ வேண்டாமா? அக்கா அனுப்பிய தேங்காயில் ஒரு மூடியைத் துருவி மேலே தூவினேன். இரண்டு கொத்துக் கறிவேப்பிலையை உருவிப் போட்டேன். ஒரு ஸ்பூன் கடுகும் போட்டு மூடினேன். புளோயர் பக்கத்தில் நின்று உமி பறப்பதை முப்பது வருடம் பார்த்தவன் நான். தேங்காய்ப்பூ பறக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் ஒரு சத்தம். அது கடுகு. அடுத்து ஒரு தீய்ந்த வாசனை. பிறகு இயந்திரத்தின் பின்பக்கத்திலிருந்து கறுப்பாகப் புகை.

ஆலையில் டிரையரிலிருந்து புகை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். சுவிட்சை அணைக்க வேண்டும். கதவைத் திறக்கக் கூடாது. ஆட்களை வெளியேற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தேன். பிறகு, பந்தியில் ரசம் கேட்காத அதே வாயால் கத்தினேன்:

"டிரையர்ல புகை! எல்லாரும் வெளிய ஓடுங்க! ஓடுங்க!"

இரண்டு நிமிடத்தில் சம்பந்தியம்மா செருப்பில்லாமல், கையில் காப்பி டம்ளரோடு, தெருவில் நின்றார். கவிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்கத்தான் பிடித்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் தண்ணீர்க் குடத்தோடு வந்துவிட்டார்கள்.

"சிலிண்டரா சம்பந்தி?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"இல்லைங்க. பொரியல்" என்றேன்.

புகை அடங்கியதும் திறந்து பார்த்தோம். கறிவேப்பிலையும் தேங்காயும் கம்பிச் சுருளில் போய் அப்பிக்கொண்டு கரியாகியிருந்தன. மேல் வரிசைக் காய் கறுத்திருந்தது. அடியில் இருந்ததெல்லாம் கூழ்.

வந்தவர்களுக்கு இலை போட்டாக வேண்டுமே. சாதம், கீரை, ரசம், தயிர், ஓரத்தில் அந்தக் கூழ். சம்பந்தியம்மா விரல் நுனியால் தொட்டு வாயில் வைத்தார்.

"இதுல எண்ணெய் எவ்வளவு?"

"ஒரு சொட்டு இல்லைங்க."

"தெரியுது."

அதோடு என் கதை முடிந்தது, பெண் இங்கே வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டு கரண்டியோடு நின்றேன். அவர் கீரையைச் சாப்பிட்டார். ரசம் இரண்டாவது தடவை கேட்டார். மூன்றாவது தடவை கையில் வாங்கிக் குடித்தார்.

"இது யாரு வச்சது? பக்கத்து வீட்டுல வைக்கச் சொன்னீங்களா?"

நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றப் போனேன்.

"அப்பா வச்சதுதாங்கத்தை. கீரையும் அப்பாதான். பத்து வயசுலேருந்து நான் இந்தச் சாப்பாடுதானே" என்றாள் கவிதா.

"கீரைக்கு எண்ணெய்?"

"கிடையாதுங்க" என்றேன். அப்புறம் எங்கிருந்தோ வந்த வேகத்தில், "ரசத்துக்கு மட்டும் அரை ஸ்பூன் நெய்ங்க. எங்கக்காவும் வந்து மூணு மாசம் தங்குறேன்னு சொல்லியிருக்குங்க. நான் லீவு கூடச் சொல்லிட்டேங்க" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

சம்பந்தியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதைப் போன்ல சொல்ல வேண்டியதுதானே சம்பந்தி? இதுக்கு எதுக்கு இவ்வளவு புகை?"

"கூச்சமா இருந்துச்சுங்க."

அவர் இலையை மடித்தார். "வளைகாப்பு முடிஞ்சதும் கூட்டிக்கிட்டு வாங்க. ஆனா அந்த மிஷின் இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

மிஷின் அன்றே அவர் கார் டிக்கியில் ஏறித் தஞ்சாவூர் போய்விட்டது. கரியைச் சுரண்டித் துடைத்து, பாதிக் கூடை காய் போட்டு, அவர் இன்றும் அதில் சமைக்கிறார். நன்றாகவே வருகிறது என்று கவிதா சொல்கிறாள். நான் அந்த வீட்டுக்குப் போனால் அதை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

இப்போது பேத்திக்கு நான்கு வயது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் சம்பந்தியம்மா என்னை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துகிறார்: "இவருதான் எங்க சம்பந்தி. ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம வீட்டையே தாளிச்சவரு."

போன மாதம் குத்தாலத்தில் ஒரு கல்யாணம். வழக்கம்போல் என் இலையைத் தாண்டி ரசம் போய்விட்டது. வழக்கம்போல் நானும் மோருக்காகக் காத்திருந்தேன். எதிர்ப்பந்தியிலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

"இந்தாப்பா, அவருக்கு ரசம் ஊத்திட்டுப் போ. அவரா வாயைத் திறந்தாருன்னா, மண்டபமே எழுந்து தெருவுக்கு ஓடணும்."